ஒரு பட்டை தெரிந்தால் போதுமா? – எதிர்ப்பொருளைக் கொண்டு ஒரு வகுப்பறைச் செயல்பாடு

எதிர்ப்பொருள் என்றதும் "கிருமியை எதிர்க்கும் புரதம்" என்று மேல்நிலை மாணவர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். ஆய்வகத்தில் அதே எதிர்ப்பொருள் ஒரு தேடும் கருவியும்கூட. இதை விளக்க நான் எடுத்துக்கொள்வது கொழுப்பு அமிலத் தொகுப்பு நொதியை.

எதைத் தேடுகிறோம்?

தேவைக்கு மேல் உண்ணும் மாவுச்சத்தின் ஒரு பகுதி கல்லீரலில் கொழுப்பாகிறது. முதலில் அசிட்டைல் கோஎன்சைம் ஏ கார்பாக்சிலேஸ் என்னும் நொதி, மலோனைல் கோஎன்சைம் ஏ-வை உருவாக்குகிறது. அதைக் கொண்டு தொகுப்பு நொதி சுற்றுக்கு 2 கார்பன்களைச் சேர்த்து, 7 சுற்றுகளில் 16 கார்பன் உள்ள பால்மிடிக் அமிலத்தைத் தருகிறது. மார்பகம், புராஸ்டேட் உள்ளிட்ட பல புற்றுநோய்களில் இந்நொதி மிகுந்து காணப்படுவதால் ஆய்வாளர்கள் இதைத் தேடுகிறார்கள்.

எப்படித் தேடுகிறோம்?

செல்களிலிருந்து எடுத்த புரதங்களை ஜெல்லில் இட்டு மின்சாரம் செலுத்தினால், சிறியவை விரைந்தும் பெரியவை மெதுவாகவும் நகர்ந்து பிரியும். அவற்றை மெல்லிய சவ்வுக்கு மாற்றுவார்கள். எதிர்ப்பொருள் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டாதிருக்க, சவ்வை முதலில் பால்பவுடர் கரைசலில் ஊறவைப்பார்கள். பிறகு சேர்க்கும் எதிர்ப்பொருள் நொதியுடன் பிணையும். அதனுடன் பிணையும் இரண்டாம் எதிர்ப்பொருள் ஒளி தர, சவ்வில் ஒரு பட்டை தெரியும். இம்முறையின் பெயர் வெஸ்டர்ன் பிளாட்.

இந்நொதியின் ஒரு துணையலகில் சுமார் 2,500 அமினோ அமிலங்கள் உள்ளன. எதிர்ப்பொருள் அடையாளம் காண்பதோ அதில் ஒரு சிறு பகுதியை மட்டுமே. அதை ஒத்த பகுதி வேறொரு புரதத்திலும் இருந்தால்?

செயல்பாடு

1. பல்கலைக்கழகம், கலைக்களஞ்சியம், மருத்துவமனை, கலைமான், நூலகம் ஆகிய சொற்களைத் தாள் பட்டைகளில் எழுதுக. இவையே புரதங்கள்.
2. எழுத்தெண்ணிக்கைப்படி கரும்பலகையில் ஒட்டச் செய்க. இது ஜெல்.
3. "பல்கலைக்கழகம்" தேடப்படும் நொதி. "கலை" என்று எழுதிய அட்டை எதிர்ப்பொருள். அந்த எழுத்துகள் உள்ள பட்டைகளில் குறியிடச் செய்க.

கலைமானிலும் குறி விழும். அது 4 எழுத்துச் சொல் என்பதால் மாணவர்கள் உடனே ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் 9 எழுத்து இடத்தில் இரண்டு சொற்கள் நிற்கின்றன. அளவு இங்கே கைகொடுக்காது. உண்மையிலும் இப்படித்தான். தொகுப்பு நொதியின் துணையலகு ஏறத்தாழ 270 கிலோ டால்டன். கார்பாக்சிலேஸின் இரு வடிவங்களும் ஏறத்தாழ 265, 280 கிலோ டால்டன். மூன்றும் அருகருகே நிற்கும்.

4. "பல்கலைக்கழகம்" பட்டையை எடுத்துவிட்டு மீண்டும் தேடச் செய்க. 9 எழுத்து இடத்தில் இன்னும் குறி விழும். "கலை" அட்டையை மட்டும் நம்ப முடியாது என்பது இப்போது விளங்கும்.
5. "கழக" என்ற அட்டையால் இரு முறையும் தேடச் செய்க. சொல் இருந்தால் குறி விழும், எடுத்துவிட்டால் விழாது.

நொதியின் மரபணுவை நீக்கிய செல்களோடு ஒப்பிடுவதும், அதே நொதியின் வேறு பகுதியை அறியும் மற்றோர் எதிர்ப்பொருளால் சரிபார்ப்பதும் ஆய்வகங்களில் நடப்பவைதாம். தொடக்க வகுப்புகளில் முதல் மூன்று படிகளைச் சொல் விளையாட்டாகவே நடத்தலாம்.

கலந்துரையாட

• நொதியே இல்லாத செல்லிலும் பட்டை தெரிந்தால் என்ன முடிவுக்கு வரலாம்?
• பட்டை தெரியவில்லை என்றால் நொதி இல்லை என்று சொல்லிவிடலாமா?
• கொரோனா விரைவுப் பரிசோதனையில் கட்டுப்பாட்டுக் கோடு தோன்றாவிட்டால் முடிவு ஏன் செல்லாது?

நொதியின் பெயரை மாணவர்கள் மறந்தாலும் பரவாயில்லை. எந்தப் பரிசோதனை முடிவைக் கண்டாலும் "இது அதுதான் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்கும் பழக்கம் அவர்களிடம் தங்கினால் இப்பாடம் நிறைவு பெற்றது என்பேன்.