ரீல்ஸ், ஷார்ட்ஸுக்கு எந்த எடிட்டிங் செயலி? புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

எஃபெக்ட் நிறைய இருக்கிறதே என்று ஒரு செயலியை இறக்கிவிட்டு, முதல் வீடியோவை முடிப்பதற்குள் சலித்துப்போகிறவர்கள் பலர். உங்கள் ஃபோனில் திணறாமல் ஓடி, தமிழைச் சிதைக்காமல் காட்டும் செயலிதான் உங்களுக்கு ஏற்றது. அதைக் கண்டுபிடிக்க ஆறு படிகள் இதோ.

படி 1: என்ன வீடியோ என்று முடிவு செய்யுங்கள்

கேமராவைப் பார்த்துப் பேசுபவருக்கு வெட்டி ஒட்டும் வசதியும் சப்டைட்டிலும் போதும். சமையல் வீடியோவுக்கு வேகத்தைக் கூட்டவும் பின்னணிக் குரல் சேர்க்கவும் வேண்டும். ஒரு காட்சியின் மேல் இன்னொன்றை வைக்க லேயர் வசதி தேவை. ரீல்ஸ், ஷார்ட்ஸ் இரண்டுக்கும் செங்குத்து அளவுதான்: 9:16, அதாவது 1080 x 1920 பிக்சல். இரண்டிலும் 3 நிமிட வீடியோவைப் பதிவேற்றலாம்.

படி 2: உங்கள் ஃபோனின் திறனைப் பாருங்கள்

ரேம் குறைவான ஃபோனில் 4கே வீடியோவை எடிட் செய்தால் பிரிவியூ திக்கித் திக்கி ஓடும். 1080-லேயே படம் பிடியுங்கள். ஃபோனில் பார்க்கிறவர்களுக்கு அது தாராளம். ஸ்டோரேஜில் சில ஜிபி காலி இருக்கட்டும். இல்லையென்றால் எக்ஸ்போர்ட் பாதியில் நின்றுவிடலாம்.

படி 3: பட்டியலைச் சுருக்குங்கள்

வி.என்.: இலவசமாகவே பல லேயர்களில் வேலை செய்யலாம். வாட்டர்மார்க் இல்லாமல் எக்ஸ்போர்ட் செய்யலாம்.

இன்ஷாட்: கற்றுக்கொள்ள எளிது. வெட்டுவது, எழுத்து, பாட்டு என்று அடிப்படை வேலைகளுக்குப் போதும்.

கைன்மாஸ்டர்: லேயர் வசதி வலுவானது. இலவசப் பதிப்பில் வாட்டர்மார்க் விழும்.

எடிட்ஸ்: மெட்டா நிறுவனம் 2025-இல் வெளியிட்டது. ரீல்ஸே பிரதானம் என்பவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம்.

யூடியூப் கிரியேட்: கூகுளின் இலவசச் செயலி. ஷார்ட்ஸ் போடுபவர்களுக்கு வசதி.

டாவின்சி ரிசால்வ்: நல்ல கணினி இருந்தால் மட்டும். இலவசப் பதிப்பே தொழில்முறை வேலைக்குத் தாங்கும், பழக நாளாகும்.

வெளிநாட்டு யூடியூபர்கள் அடிக்கடி சொல்லும் கேப்கட், டிக்டாக்கின் தாய் நிறுவனமான பைட்டான்ஸுடையது. இந்தியாவில் அதிகாரப்பூர்வமாகக் கிடைப்பதில்லை. மாற்றுவழியில் கிடைக்கும், யாரோ மாற்றியமைத்த ‘மாட்’ கோப்புகளை நிறுவாதீர்கள். அவற்றோடு மால்வேரும் வரலாம்.

படி 4: தமிழ் எழுத்தைச் சோதியுங்கள்

விமர்சன வீடியோக்கள் பலவும் இதைச் சொல்வதில்லை. செயலியைத் திறந்ததும் ‘கொடுத்தோம்’, ‘சௌந்தர்யா’, ‘ஸ்ரீ’ என்று தட்டச்சு செய்யுங்கள். கொம்பு இடம் மாறி நின்றாலோ, புள்ளி விலகினாலோ, எழுத்துக்குப் பதில் கட்டம் தெரிந்தாலோ வேறு செயலிக்குப் போகலாம். எழுத்துரு சேர்க்கும் வசதி இருந்தால் கூகுள் ஃபான்ட்ஸில் முக்தா மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை ஆகியவை இலவசம். யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருக்கள் வேண்டாம். ஆட்டோ கேப்ஷன் தமிழுக்கு வந்தாலும், ஊர்ப்பெயர், ஆள்பெயர்களை ஒருமுறை திருத்திவிடுங்கள்.

படி 5: வாட்டர்மார்க்கும் பாட்டும்

வேறு செயலியின் வாட்டர்மார்க் தெரியும் வீடியோக்களை இன்ஸ்டாகிராம் உங்களைப் பின்தொடராதவர்களுக்குப் பரிந்துரைப்பதைக் குறைக்கிறது. சினிமாப் பாட்டை எடிட்டிங்கிலேயே ஒட்டினால் காப்பிரைட் சிக்கல் வரலாம். பதிவேற்றும்போது அந்தத் தளத்தின் மியூசிக் பகுதியிலிருந்து சேர்ப்பது நல்லது. இன்ஸ்டாகிராம் பிசினஸ் கணக்குகளுக்கு அங்கேயும் பாட்டுகள் குறைவாகவே இருக்கும்.

படி 6: ஒரே வீடியோ, இரண்டு செயலி

பட்டியலில் இரண்டை மட்டும் இறக்குங்கள். ஒரே 30 விநாடி வீடியோவை இரண்டிலும் எடிட் செய்யுங்கள்: நான்கு இடத்தில் வெட்டுங்கள், ஒரு தமிழ்த் தலைப்பு வையுங்கள், குரலுக்குக் கீழே இசையைத் தணியுங்கள், எக்ஸ்போர்ட் செய்யுங்கள். தலைப்பைத் திரையின் நடுப்பகுதியில் வையுங்கள். கீழேயும் வலப்பக்கமும் தளத்தின் பட்டன்கள் மறைக்கும். யாரையும் கேட்காமல் எதில் முடிக்க முடிந்ததோ, அதை வைத்துக்கொள்ளுங்கள்; மற்றதை நீக்குங்கள்.

பணம் எப்போது கட்டலாம்? இலவசப் பதிப்பில் இல்லாத ஒரே வசதிக்காக ஒவ்வொரு வீடியோவிலும் வேலை தடைபடும்போது. அப்போதும் முதலில் மாதச் சந்தாவே போதும், ஆண்டுச் சந்தாவுக்கு அவசரமில்லை.