தேவராஜ மொஹல்லாவில் 19ஆம் நூற்றாண்டு மூதாதையைத் தேட முழுமையான வழிகாட்டி

மைசூரில் தேவராஜ மார்க்கெட்டைச் சுற்றியும் சிவராம்பேட்டையிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், கொள்ளுத்தாத்தாவின் கதை "அரண்மனை உத்தியோகம்" என்ற இரண்டு சொல்லோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலும் போக முடியும். ஆனால் பெயரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது நம் வழக்கம். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வருஷத்தின் பெயரும் திரும்பி வருகிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் இருவர் ஒருவராகிவிடுவார்கள். பெயர், ஊர், ஆண்டு மூன்றும் பொருந்தினால்தான் ஆள் உறுதி.

படி 1: வீட்டுப் பெரியவர்கள்

தர்ப்பணம் செய்யும் குடும்பமானால் அங்கிருந்தே தொடங்குங்கள். அதில் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா மட்டுமல்ல, அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டியும், தாய்வழி முன்னோரும் வருகிறார்கள். எழுபது வயதுக்காரர் சொல்லும் மூன்றாம் தலைமுறைப் பெயர் பெரும்பாலும் 1860களை ஒட்டிப் பிறந்தவருடையது. அரசுக் காகிதங்களில் அரிதாகவே தென்படும் பெண்களின் பெயர் இங்கே காப்பாற்றப்பட்டிருக்கிறது. அத்தைகளையும் பெரியம்மாக்களையும் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். யார் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பரணில் கிடக்கும் சீர்ப் பாத்திரங்களைத் திருப்பிப் பாருங்கள், பெயர் வெட்டியிருக்கலாம். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடும் முஸ்லிம் குடும்பங்களுக்கு நிக்காஹ் பதிவேடும் நல்ல தொடக்கம்.

படி 2: இனிஷியலை விரியுங்கள்

1881இல் மைசூர் திவானான சி. ரங்காச்சார்லுவின் முழுப்பெயர் செட்டிபுண்ணியம் வீரவல்லி ரங்காச்சார்லு. செட்டிபுண்ணியம் செங்கல்பட்டுப் பக்கத்து ஊர். அவருக்குப் பின் 1883 முதல் 1901 வரை திவானாக இருந்த கே. சேஷாத்ரி ஐயரின் 'கே' பாலக்காட்டுக் குமாரபுரம். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் முதலெழுத்திலும் ஓர் ஊர் ஒளிந்திருக்கலாம். அது கிடைத்தால் தேடலின் பாதி மைசூரிலிருந்து தமிழ்நாட்டுக்கோ பாலக்காட்டுக்கோ நகர்ந்துவிடும்.

படி 3: ஆண்டைப் பிடியுங்கள்

இங்கேதான் அவசரப்படக் கூடாது. ஜாதகத்தில் 'விரோதி வருஷம்' என்று மட்டும் இருந்தால் அது 1829ஆகவும் 1889ஆகவும் 1949ஆகவும் இருக்கலாம். உடன் சக ஆண்டு இருக்கிறதா பாருங்கள்: 1811 என்றிருந்தால் 78ஐக் கூட்ட, 1889. மார்கழிக் கடைசி முதல் பங்குனி வரையான நாளானால் ஆங்கில ஆண்டு ஒன்று கூடும்.

இன்னொரு சிக்கல் மைசூருக்கே உரியது. தமிழ் ஜாதகம் சூரிய மாதக் கணக்கில், சித்திரை முதல் தேதியில் வருஷத்தைத் தொடங்கும். கன்னட ஆவணம் சாந்திரமானப்படி யுகாதியில் தொடங்கும்; அது பெரும்பாலும் சில நாள் முதல் சில வாரம் முன்னதாக வரும். இடைப்பட்ட பங்குனி நாளில் பிறந்த குழந்தைக்கு இரண்டு காகிதத்தில் இரண்டு வருஷப் பெயர் இருந்தால் அது பிழையல்ல. சரிபார்க்க எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்க அட்டவணைகள் இருக்கின்றன. அவற்றில் 19ஆம் நூற்றாண்டுக்கு உரியதை நூலகத்தில் கேளுங்கள். நூறாண்டு கழித்தும் அந்த உழைப்பு நமக்குக் கைகொடுக்கிறது.

படி 4: வீட்டைத் தொடருங்கள்

மாநகராட்சியில் வீட்டின் கத்தா (சொத்துப் பதிவு) விவரமும் பழைய கதவு எண்ணும், சப்-ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் பழைய கிரயப் பத்திரமும் கேளுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அதிர்ஷ்டம்: அண்ணன் தம்பி அனைவரும் தகப்பன் பெயரோடு ஒரே இடத்தில் நிற்பார்கள். 1898இல் சமஸ்தானத்தில் பிளேக் பரவியது. 1903இல் மைசூர் நகர மேம்பாட்டு வாரியம் அமைந்தது. அந்தக் காலத்தில் குடும்பம் வீடு மாறியிருக்குமா என்றும் யோசியுங்கள்.

படி 5: ஆவணக் காப்பகம்

1831 முதல் 1881 வரை மைசூரை நிர்வகித்தது பிரிட்டிஷ் கமிஷன், தலைமையிடம் பெங்களூர். ஆகவே அரசாங்க குமாஸ்தாவின் தடத்தைப் பெங்களூரு கர்நாடக மாநில ஆவணக் காப்பகத்திலும், அரண்மனைச் சிப்பந்தியின் தடத்தை அரண்மனை ஆவணங்களிலும் தேட வேண்டும். அதிகாரிகளின் நியமனம், இடமாற்றம் போன்றவற்றுக்கு மைசூர் கெஜட்டைப் புரட்டுங்கள். கமிஷனுக்கும் முந்தைய காகிதங்கள் கன்னடத்திலும் மராத்தி மோடி எழுத்திலும் இருக்கும். படிக்கத் தெரிந்தவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள். 1871 மக்கள்தொகைக் கணக்கில் வீட்டுப் பட்டியல் கிடைக்கும் என்று அலைய வேண்டாம். கிடைப்பவை தொகுப்பு அட்டவணைகள்தான்.

படி 6: எழுதி வையுங்கள்

ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே அது வந்த இடத்தையும் தேதியையும் குறியுங்கள். சந்தேகமானதற்குக் கேள்விக்குறி போடுங்கள். தகப்பனுக்கும் மகனுக்கும் வயது இடைவெளி பதினைந்துக்குக் குறைந்தாலோ அறுபதைத் தாண்டினாலோ, இடையில் ஒரு தலைமுறை கூடியோ குறைந்தோ போயிருக்கலாம். படி 3க்குத் திரும்புங்கள்.