இறந்தவர் மேல் வரும் கோபம்: கதை எழுத வரும் இளையோருக்கு

புதிதாக எழுத வருபவர்களின் கதைகளில் தற்கொலை அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் கடைசிப் பத்தியில் வந்து கதையை முடித்து வைக்கிறது. ஆனால் அந்தச் சாவு நடந்த வீட்டுக்கு அன்றுதான் எல்லாம் தொடங்குகிறது. அந்த வீட்டின் அழுகையை நாம் ஓரளவு எழுதியிருக்கிறோம். அழுகையோடு பிணைந்து கிடக்கும் கோபத்தைப் போதுமான அளவு எழுதவில்லை. அதை எழுதத் துணிபவர்களுக்கு இவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

1. சாவோடு கதையை முடிக்காதீர்கள்.

ஆர்தர் மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ 1949இல் மேடையேறிய நாடகம். நாயகன் வில்லி லோமனின் சாவோடு மில்லர் திரையை இறக்கிவிடவில்லை. கல்லறையருகே ஒரு சிறு காட்சியை வைத்தார். மனைவிக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்கடனின் கடைசித் தவணை அன்றுதான் கட்டி முடிந்திருக்கிறது. மகன்கள் இருவரும் அப்பா கண்ட கனவு சரியா தவறா என்று அங்கேயே முரண்படுகிறார்கள். சில பக்கங்கள்தான். ஆனால் அந்தக் குடும்பம் இனி எப்படிப் பிரியும் என்பது அதற்குள் தெரிந்துவிடுகிறது.

2. இறந்தவரைத் திட்ட அனுமதியுங்கள்.

எழுதக் கை கூசும் இடம் இதுதான். செத்தவரைக் குறை சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆனாலும், “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்று தாய் கேட்பாள். வாங்கிய கடனை மறைத்துவிட்டுப் போனவன் மேல் மனைவிக்கு ஆத்திரம் வரும். “இனி அவன் பேரை இந்த வீட்டுல எடுக்காதீங்க” என்று அண்ணன் சொல்வான். இவர்களைக் கல்நெஞ்சக்காரர்களாகக் காட்டிவிடாதீர்கள். நேசிக்காதவர் மேல் இவ்வளவு கோபம் வராது. நம் ஒப்பாரி இதை என்றோ அறிந்திருக்கிறது. அதில் பெண்கள் இறந்தவரை நேரே விளித்து முறையிடுகிறார்கள், ஏசுகிறார்கள், கணக்குக் கேட்கிறார்கள். தாரைதாரையாக அழுவதற்கும் சண்டை போடுவதற்கும் அங்கே ஒரே குரல்தான். உங்கள் உரைநடைக்கும் அந்தத் துணிவு வேண்டும்.

3. கோபம் யார் மேல் போய் விழுகிறது என்று பாருங்கள்.

திட்ட வேண்டியவர் போய்விட்டார். அதனால் எதிரில் நிற்பவர் அகப்படுகிறார். ‘ஹாம்லெட்’டில் ஒஃபீலியாவின் சாவு தற்கொலையாக இருக்கலாம் என்ற ஐயத்தால் அவளுக்கு முழுச் சடங்கும் செய்யப் பாதிரியார் மறுக்கிறார். அவர் மேல் பாயும் அண்ணன் லேயர்ட்டிஸ், அடுத்து ஹாம்லெட்டின் கழுத்தைப் பிடிக்கிறான். நம் வீடுகளில் அது மருமகள் மேல் விழும், பள்ளி ஆசிரியர் மேல் விழும், கடைசியாகப் பேசிய நண்பன் மேல் விழும். இமையத்தின் ‘செல்லாத பணம்’ நாவலில் தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடக்கும் மகளைச் சுற்றிக் குடும்பம் நிற்கிறது. மருமகன் மேலும், மகள் மேலும், தங்கள் மேலும் மாறி மாறிப் பாயும் அவர்களின் கோபத்தை அங்கே கற்றுக்கொள்ளலாம்.

4. ‘ஏன்’ என்ற கேள்விக்கு ஒற்றை விடை தராதீர்கள்.

செய்தித்தாளில் “தீராத வயிற்று வலி காரணமாக” என்று ஒரு வரியில் முடிந்துவிடும். கதையும் காதல் தோல்வி, தேர்வுத் தோல்வி என்று ஒரு வரியில் முடித்தால் அந்தச் செய்தியைத் தாண்டி நீங்கள் எதுவும் செய்யவில்லை. காரணங்கள் பலவாகப் பின்னிக் கிடக்கும். குடும்பத்துக்குக் கடைசிவரை முழு விடை கிடைக்காது. அவர்களுக்குக் கிடைக்காததை வாசகருக்கு மட்டும் எடுத்துக் கொடுப்பது நியாயமில்லை. அதே நேரம், வரதட்சணைக் கொடுமை, சாதி அவமானம், கந்துவட்டி போன்றவை அங்கே இருந்தால் அவற்றை மழுப்பாதீர்கள். சில கோபங்கள் சரியான முகவரிக்கே போகின்றன.

5. அலுவலகங்களை விட்டுவிடாதீர்கள்.

இந்தத் துக்கம் வீட்டுக்குள் மட்டும் நடப்பதில்லை. காவல் நிலையத்தில் புகார் எழுதித் தரவேண்டும். ஜி.ஹெச். பிணவறை வாசலில் போஸ்ட்மார்ட்டம் முடியக் காத்திருக்க வேண்டும். கல்யாணமாகி ஏழு ஆண்டுக்குள் இறந்த பெண் என்றால் ஆர்.டி.ஓ. விசாரணை உண்டு. அழக்கூட நேரமில்லாமல் தகப்பன் கையெழுத்துப் போடுகிறார். அவருடைய கோபம் அங்கே ஒரு பேனா எழுதாததற்காக வெடிக்கலாம். நேரில் விசாரித்துத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

6. ஒரே வீட்டில் பல துக்கங்கள் உண்டு.

தாய் பேசிப் பேசித் துயரை ஆற்றுவாள். தகப்பன் வாய் திறக்கமாட்டார். ஒருவரின் பேச்சும் மற்றவரின் மௌனமும் ஒன்றையொன்று காயப்படுத்தும். குழந்தையிடம் “மாரடைப்பு” என்று சொல்லியிருப்பார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து உண்மை அறியும்போது கோபம் உயிரோடிருப்பவர்கள் மேல் திரும்பும். சிரிப்பையும் தள்ளாதீர்கள். தகப்பனையும் அக்காளையும் தற்கொலையில் இழந்த கனடிய எழுத்தாளர் மிரியம் டேவ்ஸ் 2014இல் எழுதிய ‘ஆல் மை ப்யூனி சாரோஸ்’ நாவலில், தங்கையின் ஆத்திரமும் நகைச்சுவையும் பக்கத்துக்குப் பக்கம் கூடவே வருகின்றன. துக்க வீட்டை அறிந்தவர்களுக்கு அது வியப்பாக இராது.

7. செய்த விதத்தை எழுதாதீர்கள்.

இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். 1774இல் கெத்தே ‘வெர்தர்’ நாவலை வெளியிட்டார். அதைப் படித்தவர்கள் தற்கொலை செய்துகொள்ளும் அதன் நாயகனைப் பின்பற்றிவிடுவார்கள் என்ற அச்சத்தில் மறு ஆண்டு லைப்ஸிக் நகரம் நூலுக்குத் தடை போட்டது. 1974இல் டேவிட் ஃபிலிப்ஸ் என்ற சமூகவியலாளர், தற்கொலைச் செய்திகள் பெரிதாக வெளியானதை அடுத்துத் தற்கொலைகள் கூடுவதைக் காட்டி, அந்தப் போக்குக்கு வெர்தரின் பெயரையே வைத்தார். மறுபக்கமும் உண்டு. நெருக்கடியைத் தாண்டி வந்தவர்களைப் பற்றிய எழுத்து உயிர் காக்க உதவக்கூடும் என்று 2010இல் வியன்னா ஆய்வாளர்கள் காட்டினார்கள். எனவே முறை, கருவி, அளவு எதுவும் கதைக்கு வேண்டாம். “நான் செத்தால்தான் இவர்களுக்குப் புத்தி வரும்” என்று ஒரு பாத்திரம் நினைக்கலாம். அதைக் கதை மெய்ப்பித்துக் காட்டக்கூடாது. ஏனென்றால் அது பொய். மிஞ்சியவர்களுக்கு வருவது புத்தியல்ல, ஆறாத கேள்வி.

8. உண்மைக் குடும்பத்தை எழுதினால் பொறுப்போடு எழுதுங்கள்.

எழுத்தாளர் பீட்டர் ஹாண்ட்கே 1971இல் தாயைத் தற்கொலையில் இழந்தார். மறு ஆண்டே தாயைப் பற்றிய அவரது நூல் வந்துவிட்டது. தன் தாயின் வாழ்க்கையை எழுதிக்கொண்டே, அதைச் சொற்களில் அடக்க முடியுமா என்ற ஐயத்தையும் நூலுக்குள் வைத்தார். சொந்தத் துக்கத்தை எழுதவே அத்தனை தயக்கம் வேண்டும் என்றால், பக்கத்து வீட்டுத் துக்கத்தை எடுக்கும்போது எவ்வளவு வேண்டும்! ஊர், தொழில், அடையாளம் எல்லாவற்றையும் மாற்றுங்கள். அச்சுக்குப் போகும் முன் அந்த வீட்டாரில் ஒருவராவது படிக்கட்டும். வேண்டாம் என்றால் நிறுத்துங்கள்.

9. உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது மனம் தாங்கவில்லை என்றால் கதையை மூடிவைத்துவிட்டு யாரிடமாவது பேசுங்கள். டெலி மானஸ் 14416, சென்னை சிநேகா 044-24640050 என்ற இரண்டு உதவி எண்களிலும் கேட்க ஆள் உண்டு. கதை காத்திருக்கும்.

இப்படி ஒரு சாவைக் கண்ட வீட்டிலிருந்து யாரோ ஒருவர் உங்கள் கதையைப் படிப்பார். தனக்குள் எழுந்த கோபத்தை இதுவரை அவர் யாரிடமும் சொல்லியிருக்கமாட்டார். தான் கொடியவளோ கொடியவனோ அல்ல என்று அவருக்குத் தெரியவைக்க உங்கள் எழுத்தால் முடியும். அதற்காக உழையுங்கள்.