விளம்பர ஓவியர் முஹா

கலை அரண்மனைச் சுவரில் மட்டுமன்றித் தெருச் சுவரிலும் வாழும். இவ்வுண்மையை உலகிற்கு உணர்த்தியோருள் ஒருவர் அல்போன்ஸ் முஹா.

இன்று செக் நாட்டிலுள்ள மொராவியாப் பகுதியில், இவான்சிட்சே என்னும் சிற்றூரில், 1860-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 24-ஆம் நாள் இவர் பிறந்தார். தந்தையார் நீதிமன்றச் சேவகர், செல்வம் இல்லாதவர். சிறுவர் முஹா பிர்னோ நகரத் தேவாலயப் பாடகர் குழுவில் பாடிக்கொண்டே கல்வி பயின்றார். ஓவியக்கலையில் வேட்கை மிகுந்து, பிராக் நகரக் கலைக்கழகத்தில் சேர விரும்பினார். கழகத்தார் 1878-இல் அவரை ஏற்க மறுத்து, வேறு தொழில் தேடுமாறு கூறினர்.

முஹா மனம் தளரவில்லை. மறு ஆண்டே வியன்னா சென்று, நாடகங்களுக்குக் காட்சித்திரை தீட்டும் நிறுவனம் ஒன்றில் பணியேற்றார். தொலைவில் இருப்போரையும் கவருமாறு பேரளவில் தீட்டும் திறன் அங்கே கைவந்தது. ஆனால், 1881 திசம்பரில் ரிங் நாடக அரங்கு தீக்கிரையாயிற்று. பல நூற்றுவர் மாண்டனர். அவ்வரங்கையே பெரிதும் நம்பியிருந்த நிறுவனம் முஹாவை வேலையினின்று நீக்கியது. அவர் மிகுலோவ் என்னும் ஊரை அடைந்து, மக்களின் உருவப்படங்களை எழுதிப் பிழைத்தார். அவர் திறமறிந்த கூயன் பிரபு தம் மாளிகையில் ஓவியம் தீட்டச் செய்தார். பின்னர் மியூனிக்கிலும், 1887 முதல் பாரிசிலும் பயிலப் பொருளுதவினார். சில ஆண்டுகளில் அவ்வுதவியும் நின்றது. இதழ்களுக்கும் நூல்களுக்கும் படம் வரைந்தே முஹா வாழ்ந்தார். வரலாற்று நூல்களுக்கு வரைந்தமையால் பண்டைய ஆடை அணிகளை நுணுக்கமாக அறிந்தார்.

1894-ஆம் ஆண்டு கிறித்துமசு விடுமுறையில், லெமெர்சியே அச்சகத்தில் நண்பர் ஒருவர்க்காக அச்சுப்படிகளைத் திருத்திக்கொண்டிருந்தார் முஹா. அவ்வேளை, புகழ்மிக்க நடிகை சாரா பெர்னார்ட்டின் ‘ஜிஸ்மோண்டா’ நாடகத்திற்குப் புத்தாண்டுக்குள் சுவரொட்டி வேண்டும் என்னும் செய்தி வந்தது. வேறு ஓவியர் எவரும் அங்கில்லை; பணி முஹாவிடம் வந்தது. ஆளுயரத்தினும் உயர்ந்த, ஒடுங்கிய தாளில், கையில் ஓலை ஏந்தி நிற்கும் நடிகையின் உருவை மென்னிறங்களால் வரைந்தார். காட்சித்திரை தந்த பேரளவுப் பயிற்சியும், நூற்படங்கள் தந்த ஆடையறிவும் அங்கே ஒருங்கே உதவின. 1895 சனவரி முதல் நாள் பாரிசுத் தெருக்களில் அச்சுவரொட்டி தோன்றியது. கண்டோர் வியந்தனர், இரவில் அதனைச் சுவரினின்று அறுத்தெடுத்துச் சென்றோரும் உண்டு. நடிகை ஆறாண்டு ஒப்பந்தம் செய்து அவரை அமர்த்திக்கொண்டார். பின்னர், பிஸ்கட், மிதிவண்டி முதலிய பொருள்களின் விளம்பரங்களும் அவர் தூரிகையால் அழகு பெற்றன.

1918-இல் செக்கோசுலோவாக்கியா விடுதலை பெற்றபோது, அதன் முதல் அஞ்சல்தலைகளையும் பணத்தாள்களையும் அவரே வரைந்தளித்தார். தம் இனத்தின் வரலாற்றை 20 பேரோவியங்களாகத் தீட்டி, 1928-இல் பிராக் நகருக்கு வழங்கினார். 1939-இல் அந்நகரிலேயே மறைந்தார்.

வேறு தொழில் தேடு என்று அவரை விலக்கிய நகரம் அவர் ஓவியங்களைப் பரிசாகப் பெற்றது. வயிற்றுக்காகச் செய்த சிறு பணிகளே அவர்க்குப் பள்ளியாயின. செய்யும் தொழில் சிறிதாயினும் செம்மையாகச் செய்வோர்க்கு, வாய்ப்பு வரும் நாளில் கைத்திறம் துணைநிற்கும்.