நிரந்தர ஊனமும் காப்பீட்டுத் தொகையும்: வக்கீலிடம் போவதற்கு முன்னும் பின்னும்

கடைச் சரக்குக்குத் தீ இன்சூரன்ஸ் எடுக்கிறோம். வண்டிக்கு எடுக்கிறோம். மூட்டை தூக்கும் கைக்கும், நாள் முழுவதும் கடையில் நிற்கும் காலுக்கும் என்ன காப்பீடு இருக்கிறது என்று கேட்டால் நம்மில் பலருக்குச் சட்டென்று பதில் வராது. அடிபட்ட பிறகுதான் பீரோவைத் துழாவுகிறோம்.

மளிகைக் கடைக்காரர் ஒருவர் விடியற்காலையில் மொத்தச் சந்தைக்குப் போய்த் திரும்புகையில் அவர் ஸ்கூட்டரை லாரி இடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வயது 44. இடது கால் இரண்டு இடத்தில் முறிந்து, உள்ளே தகடு வைத்து, பல மாதம் கழித்தும் முழங்கால் மடங்கவில்லை. மூட்டை தூக்க முடியாது. ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. டாக்டர் "45 சதவீத ஊனம்" என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கிறார். அந்தச் சீட்டைக் கொண்டு போனால் இன்சூரன்ஸ் கம்பெனி, "கால் இருக்கிறதே ஐயா" என்கிறது. இவர் கோபமாக வக்கீலைத் தேடி ஓடுகிறார்.

ஓடுவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். இவருக்கு வரவேண்டிய பணம் இரண்டு தனித்தனிக் கணக்கில் இருக்கிறது. ஒன்று, இவரே பிரீமியம் கட்டிய பாலிசி. மற்றது, இடித்த லாரியின் இன்சூரன்ஸ். இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதினால் இரண்டும் குழம்பிவிடும்.

சொந்தப் பாலிசியில் பணம் தருவது அட்டவணைப்படி. உங்களுக்கு எவ்வளவு வியாபாரம் போயிற்று என்று அது கேட்பதில்லை. தனிநபர் விபத்துப் பாலிசிகள் பலவற்றில் இரண்டு கையோ, இரண்டு காலோ, இரண்டு கண்ணோ போனால் முழுத் தொகை. ஒன்று போனால் பாதி. கட்டைவிரல் முழுவதும் போனால் 25 சதவீதம், ஆள்காட்டி விரலுக்கு 10 சதவீதம். பொட்டலம் கட்டிப் பிழைக்கிறவருக்குக் கட்டைவிரல் என்றால் என்ன என்பது அட்டவணைக்குத் தெரியாது. ஆனால் அதே பாலிசிகளில் வேறு இரண்டு வரிகளும் இருக்கும். உறுப்பு துண்டிக்கப்படாவிட்டாலும் அதன் பயன்பாடு முற்றிலும் மீளாதபடி போயிருந்தால் இழப்பாகவே கொள்ளப்படும் என்பது ஒன்று. அட்டவணையில் இல்லாத பகுதி ஊனத்துக்கு டாக்டர் மதிப்பிடும் சதவீதம் தரப்படும் என்பது இன்னொன்று. நம் மளிகைக்காரருக்கு வழி இந்த இரண்டாவது வரியில்தான் இருக்கிறது. "கால் இருக்கிறதே" என்பதற்குப் பதில் பாலிசியின் உள்பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது. விபத்து நடந்து 12 மாதத்துக்குள் ஊனம் ஏற்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அங்கேதான் இருக்கும்.

தனிப் பாலிசி எடுக்காதவர்களும் இரண்டு இடத்தில் தேடிப் பார்க்கலாம். வண்டிப் பாலிசியோடு, உரிமையாளரே ஓட்டும்போது அவருக்கான விபத்துக் காப்பு 2018 முதல் 15 லட்ச ரூபாய். வண்டி அவர் பெயரில் இருக்க வேண்டும், செல்லத்தக்க லைசென்ஸ் வேண்டும். வண்டியைக் கூட்டு நிறுவனத்தின் பெயரில் பதிவு செய்திருந்தால் இந்தக் காப்பு கிடையாது. பங்காளிகளாகக் கடை நடத்துபவர்கள் கவனிக்க. மற்றது, வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா. ஒரு கண் அல்லது ஒரு கை, கால் பயனற்றுப் போனால் 1 லட்சம், இரண்டு போனால் 2 லட்சம். இந்த இரண்டிலும் மடங்காத முழங்காலுக்குப் பணம் வருவது கடினம். அதை முன்பே தெரிந்துகொண்டால் வீண் அலைச்சல் மிச்சம்.

லாரியின் இன்சூரன்ஸ் கணக்கு அடியோடு வேறு. அங்கே மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் கேட்பது, "இந்தக் காயத்தால் உன் சம்பாத்தியம் எவ்வளவு குறைந்தது?" என்பதே. 2010-ல் உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. காயம்பட்டவர் நம்மைப் போன்ற சிறு வியாபாரிதான், பாலாடைக்கட்டி விற்றவர். இடது காலுக்கு 45 சதவீத ஊனம் என்று சான்று இருந்தது. நீதிமன்றம் அதை உடல் முழுவதற்கும் 25 சதவீதமாகவும், சம்பாதிக்கும் திறனில் இழப்பு 20 சதவீதமாகவும் கணக்கிட்டது. முன்போல் சுலபமாக இல்லாவிட்டாலும் அவரால் வியாபாரத்தைத் தொடர முடியும் என்பது காரணம். கை போன ஓட்டுநருக்கும் கை போன குமாஸ்தாவுக்கும் ஒரே அளவு நஷ்டமில்லை என்பதே இதன் சாரம்.

இதைப் பணமாக்கிப் பாருங்கள். 44 வயதுக்குப் பெருக்கும் எண் 14. ஆண்டு வருமானம் 3,60,000 ரூபாய் என்றால், 20 சதவீதத்துக்கு 10,08,000 ரூபாய். 45 சதவீதத்துக்கு 22,68,000 ரூபாய். எதிர்கால வருமான உயர்வு, மருத்துவச் செலவு, வலி வேதனைக்கான தொகையெல்லாம் இதற்கு மேல். ஒரு வரிச் சான்றிதழுக்கும் விவரமான சான்றிதழுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவு பெரிய தொகை.

ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டியது கூடுதல் சதவீதத்தை அல்ல. பொய்யாகக் கூட்டி எழுதிய சான்று குறுக்கு விசாரணையில் நிற்காது. ஊனம் எந்த உறுப்புக்கு, உடல் முழுவதற்கும் எவ்வளவு, இனிச் சிகிச்சையால் மாறாத நிரந்தரமானதுதானா, குந்துவது, படியேறுவது, எடை தூக்குவது எதெது முடியாது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தீர்ப்பாயத்தில் சிகிச்சை செய்த டாக்டர் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும், அல்லது அரசு மருத்துவக் குழுவுக்கு அனுப்புவார்கள். வருமானத்துக்கு வருமான வரிக் கணக்கும் ஜி.எஸ்.டி. கணக்கும்தான் பேசும். கணக்கில் குறைத்துக் காட்டிய வருமானம் இழப்பீட்டிலும் குறைந்தே நிற்கும். கசப்பாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனி வக்கீல் விஷயம். சொந்தப் பாலிசியில் கம்பெனி மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி, ஒரு மாதம் பார்த்து, பிறகு சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் (ஓம்புட்ஸ்மன்) மனுக் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க அனுமதியும் இல்லை. 50 லட்சம் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். ஓராண்டுக்குள் போக வேண்டும். அவர் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், நம்மைக் கட்டுப்படுத்தாது. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே நாமே வாதாடலாம். கெடு 2 ஆண்டு. "வியாபாரி நுகர்வோர் அல்ல" என்று கம்பெனி வாதாடினால் கலங்க வேண்டாம். வியாபாரத்துக்காக எடுத்த இன்சூரன்ஸும் லாபம் ஈட்டும் வணிகமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொல்லியிருக்கிறது. ஆணையத்தில் வழக்குப் போட்ட பிறகு குறைதீர்ப்பாளரிடம் போக முடியாது; வரிசை மாறக் கூடாது.

தீர்ப்பாயத்துக்கு மட்டும் விபத்து வழக்குகளில் பழகிய வக்கீல் அவசியம் என்பது நம் கருத்து. மனுவை நாம் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரிலேயே போடலாம். 6 மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே, "கைக்காசு வேண்டாம், வருவதில் முப்பது சதவீதம்" என்று புரோக்கர் வருவார். வரும் தொகையில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதிகள் வக்கீல்களுக்குத் தடை செய்திருக்கின்றன. கட்டணத்தை ரூபாயாகப் பேசி, ரசீது வாங்குங்கள். நிரப்பாத வக்காலத்திலோ வெற்றுத் தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள்.

நம்மவர் பலருக்குத் தெரியாத ஒன்று: 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, ஊனமுற்றவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணையத்தில் ஊனச் சான்றிதழோடு மனுக் கொடுக்க வேண்டும். தொலைபேசி எண் 15100. கடை வைத்திருக்கிறோமே, கொடுப்பார்களா என்று கூச்சப்பட வேண்டியதில்லை.

சில சமயம் கம்பெனியே கேட்டதில் பாதிக்கு ஒப்புக்கொண்டு, "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற ரசீதை அனுப்பும். கடன் நெருக்கடியில் கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் கதை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். அப்படிக் கையெழுத்திட்டாலும் கூடுதல் தொகை கேட்டு வழக்காடும் உரிமை போகாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2015-ல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. பணத்தை வாங்கிக்கொண்டு, மீதிக்கு உரிமை வைத்திருக்கிறோம் என்று அன்றே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதி, நகலை வக்கீலிடம் கொடுங்கள்.