குக்கீ என்னும் அடையாளச் சீட்டு: வணிகர் அறிய வேண்டியவை



கொள்முதல் விசாரணை, வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி. படிவம், லாரி பதிவு என்று நம் தொழிலில் பல வேலைகள் இன்று இணையத்தின் வழியே நடக்கின்றன. அங்கே ஒரு பக்கத்தைத் திறந்தவுடன், "இத்தளம் குக்கீகளைப் பயன்படுத்துகிறது, ஏற்கிறீர்களா?" என்று ஒரு பெட்டி குறுக்கே வந்து நிற்கிறது. நம்மில் பலர் அவசரத்தில் 'ஏற்கிறேன்' என்பதை அழுத்திவிட்டு மேலே செல்கிறோம். சரக்கு வந்து இறங்கினால் மூட்டையை எண்ணாமல் கையெழுத்துப் போடாத நாம், இங்கு மட்டும் என்ன ஏது என்று பாராமல் ஒப்புதல் தருவது முறையாகாது. ஆகவே குக்கீ என்றால் என்ன, அதனால் நமக்கு நன்மை எது, கேடு எது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மறதியுள்ள கடை

குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி போன்று இணையதளங்களைத் திறந்து காட்டும் மென்பொருளைப் பிரவுசர் என்கிறோம். பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும். இணையதளம் அதை அனுப்பிவைக்கும். அத்துடன் அந்தக் கொடுக்கல் வாங்கல் முடிந்தது. அடுத்த நொடியே நாம் வேறு பக்கம் கேட்டாலும், சற்று முன் வந்த ஆள்தான் இவர் என்பது அத்தளத்திற்குத் தெரியாது. இணையத்தின் அடிப்படை அமைப்பே அப்படி.

இதை ஒரு கடையாக எண்ணிப் பார்ப்போம். வாடிக்கையாளர் ஒரு கிலோ துவரம் பருப்பு கேட்கிறார். எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தால் கடைக்காரருக்கு அவர் யாரென்றே நினைவில்லை. அடுத்து அவர் உளுந்து கேட்டால், "நீங்கள் யார்?" என்று மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இப்படி ஒரு கடை நடக்குமா?

இந்த மறதிக்கு 1994 ஆம் ஆண்டில் மருந்து கண்டவர் அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணிபுரிந்த லூ மான்டுல்லி என்னும் இளம் பொறியாளர். இணையத்தில் பொருள் வாங்குபவரின் கூடையில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதை எப்படி நினைவில் வைப்பது என்ற வணிகத் தேவையே அதற்குக் காரணம். ஆகவே குக்கீ பிறந்ததே கடை நடத்துவதற்காகத்தான் எனலாம். தின்பண்டத்தின் பெயர் இதற்கு வந்தது, நிரல் எழுதுவோர் 'மேஜிக் குக்கீ' என்று முன்பே வழங்கிவந்த சொல்லிலிருந்து.

சீட்டில் என்ன இருக்கிறது?

கோயில் வாசலில் செருப்பை விட்டால் ஒரு டோக்கன் தருவார்கள். அதில் எண் மட்டும் இருக்கும். நம் பெயரோ, செருப்பின் விலையோ இராது. திரும்பி வந்து அதை நீட்டினால், அந்த எண்ணுள்ள தட்டிலிருந்து நம் செருப்பை எடுத்துத் தருவார்கள்.

குக்கீயும் அதுபோன்றதே. இணையதளம் ஒரு சிறு எழுத்துக் குறிப்பை, பெரும்பாலும் ஒரு நீண்ட எண்ணை, நம் பிரவுசரிடம் கொடுத்துவைக்கிறது. ஒரு குக்கீயில் ஏறத்தாழ 4,000 எழுத்துகளுக்கு மேல் அடங்காது. அடுத்த முறை அதே தளத்திற்குச் செல்லும்போது பிரவுசர் அச்சீட்டைத் தானாகவே நீட்டுகிறது. தளம் தன் பேரேட்டில் அந்த எண்ணுக்கு நேரே பார்த்து, "இவர் நேற்று வந்தவர், இதை வாங்கியவர்" என்று அறிந்துகொள்கிறது. குக்கீ வைரஸ் அன்று, அது வெறும் எழுத்து, தானாக இயங்காது.

இங்கே ஒன்றை நாம் நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும். நம் கையில் இருப்பது சீட்டு மட்டுமே. நம்மைப் பற்றிய பேரேடு அவர்களிடம் இருக்கிறது. சீட்டைக் கிழித்துப் போட்டாலும் பேரேட்டில் எழுதியது அழியாது.

சில சீட்டுகள் பிரவுசரை மூடியதும் தீர்ந்துவிடும். சிலவற்றிற்கு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தவணை உண்டு. குரோம் பிரவுசரில் இத்தவணைக்கு 400 நாள் என்று 2022 இல் வரம்பு வைக்கப்பட்டது.

நடுவில் நுழையும் மூன்றாம் ஆள்

நாம் தேடிச் சென்ற தளமே தரும் சீட்டில் பெரிய குற்றமில்லை. தெரிந்த கடையில் மாதச் சிட்டை வைத்திருப்பது போன்றது அது. தொல்லை வேறிடத்தில் இருக்கிறது.

ஒரு செய்தித்தளத்தைத் திறக்கிறோம். அதில் ஓரத்தில் வரும் விளம்பரம் அச்செய்தித்தளத்திலிருந்து வருவதில்லை. வேறொரு விளம்பர நிறுவனத்திடமிருந்து பிரவுசர் அதைக் கேட்டு வாங்குகிறது. அப்போது அந்நிறுவனமும் தன் சீட்டு ஒன்றைத் தந்துவிடுகிறது. பிறகு நாம் ஓர் இயந்திர விற்பனைத் தளத்திற்குச் செல்கிறோம். அங்கும் அதே நிறுவனத்தின் விளம்பரம். பிரவுசர் பழைய சீட்டை நீட்டுகிறது. காலையில் செய்தி படித்தவரும், மதியம் எண்ணெய் பாக்கெட் போடும் இயந்திரத்தின் விலையைப் பார்த்தவரும், இரவில் கடன் வட்டி விசாரித்தவரும் ஒருவரே என்று அந்நிறுவனம் குறித்துக்கொள்கிறது. அதன் வாசலை நாம் மிதித்ததே இல்லை. கடைத்தெருவில் எல்லாக் கடைகளிலும் ஒரே ஆளின் கணக்கர்கள் மூலையில் உட்கார்ந்து, யார் வந்தார், எதைத் தொட்டுப் பார்த்தார் என்று எழுதினால் எப்படியோ அப்படி.

மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கம் நாம் அறிந்ததே. விற்பவர், வாங்குபவர் இருவருக்கு மட்டும் தெரிய வேண்டியது மூன்றாம் ஆளுக்குத் தெரியலாகாது என்பதே அதன் பொருள். எந்தச் சரக்கை விசாரிக்கிறோம், எங்கே கிளை திறக்க நினைக்கிறோம், பணமுடை உண்டா என்பவை ஒரு வியாபாரியின் உள்விஷயங்கள். நம் தேடல்களை ஒன்று சேர்த்துப் பார்ப்பவருக்கு அவை தெரிந்துவிடும்.

இத்தொழிலின் மதிப்பை அறிய ஒரு கணக்கு போதும். விளம்பரச் சீட்டு முறையில் முன்னோடியான டபுள்கிளிக் என்னும் நிறுவனத்தை வாங்க, கூகுள் 2007 இல் அறிவித்த விலை 310 கோடி டாலர்.

அரசுகள் செய்தவை

ஐரோப்பிய ஒன்றியம் 2009 இல் தன் சட்டத்தைத் திருத்தி, தளம் இயங்கத் தேவையற்ற குக்கீகளுக்குப் பயனாளரின் ஒப்புதல் வேண்டும் என்றது. நாம் காணும் அந்தக் கேள்விப் பெட்டி பரவியதற்கு அதுவே காரணம். முன்கூட்டியே டிக் அடித்து வைத்த கட்டம் ஒப்புதல் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஏற்பதற்கு ஒரே அழுத்தம், மறுப்பதற்குப் பல அழுத்தம் என்று வைத்திருந்ததற்காக, கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்கிற்கு 6 கோடி யூரோவும் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அபராதம் விதித்ததாக 2022 ஜனவரியில் அறிவித்தது.

ஆப்பிளின் சஃபாரி 2020 இல் மூன்றாம் ஆளின் குக்கீகளை முழுதும் தடுத்தது. ஃபயர்ஃபாக்ஸும் பின்தொடரும் குக்கீகளுக்குத் தடை போட்டது. குரோமிலும் இவற்றை நீக்குவோம் என்று 2020 இல் கூறிய கூகுள், பலமுறை தவணை தள்ளி, 2024 இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. ஆகவே குரோம் பயன்படுத்துவோர் அமைப்புகளுக்குள் சென்று தாமே தடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அதன்பின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 இல் இயற்றப்பட்டு, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட எட்டாம் அட்டவணை மொழிகளிலும் பெற வழி வேண்டும். ஒப்புதல் தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்று இச்சட்டம் கூறுகிறது. பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

கடையில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. நாம், கணக்கர், பையன்கள் எனப் பலரும் தொடும் கடைக் கம்ப்யூட்டரில் 'என்னை நினைவில் வை' என்ற கட்டத்தில் டிக் அடிக்கக் கூடாது. உள்ளே நுழைந்ததற்கான அனுமதியும் ஒரு குக்கீயே. அது இருக்கும்வரை கடவுச்சொல் தெரியாதவரும் நம் கணக்கைத் திறக்கலாம்.

2. வேலை முடிந்ததும் ஜன்னலை மூடினால் போதாது. 'வெளியேறு' என்பதை அழுத்தி வெளியேற வேண்டும்.

3. குக்கீ பெட்டி வந்தால், 'தேவையானவை மட்டும்' அல்லது 'மறுக்கிறேன்' என்பது உள்ளதா என்று பார்த்து அதை அழுத்துவோம். பெரும்பாலான தளங்கள் அப்போதும் நன்றாகவே வேலை செய்யும்.

4. குரோமின் அமைப்புகளில், தனியுரிமைப் பகுதிக்குச் சென்று மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடுக்கலாம். ஒரு நிமிட வேலை.

5. மாதம் ஒருமுறை கணக்கு முடிக்கும்போது பிரவுசரில் சேர்ந்த குக்கீகளையும் அழித்துவிடலாம். மறுபடி எல்லாத் தளங்களிலும் கடவுச்சொல் கேட்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு அழிக்கவும்.

6. மறைமுக ஜன்னல், அதாவது இன்காக்னிட்டோ, நம் கம்ப்யூட்டரில் தடம் வைக்காது. ஆனால் நாம் சென்ற தளத்திற்கும், இணைய இணைப்புத் தரும் நிறுவனத்திற்கும் அது நம்மை மறைக்காது.

7. செல்போன் செயலிகளில் குக்கீயின் வேலையை 'விளம்பர எண்' செய்கிறது. ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில் விளம்பரங்கள் என்ற பகுதியில் அதை நீக்கிவிடலாம்.

நாமே தளம் வைத்தால்

நம் உறுப்பினர்களில் பலர் வீட்டுக்குச் சரக்கு அனுப்ப சொந்த இணையதளம் தொடங்கி வருகிறார்கள். அமைத்துத் தருபவரிடம், "இதில் யாருடைய விளம்பரம், யாருடைய கணக்கெடுக்கும் கருவி சேர்த்திருக்கிறீர்கள்?" என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். இலவசமாகச் சேர்த்தேன் என்பார். நம் வாடிக்கையாளரின் நடமாட்டத்தை வேறொருவர் எழுதிக்கொள்வதே அதற்கு விலையாக இருக்கலாம். தேவையற்றதை எடுத்துவிடச் சொல்லுங்கள். மீதமுள்ளதைத் தமிழில், நாலு வரியில், அனைவருக்கும் புரியும்படி தளத்தில் எழுதி வையுங்கள். காகிதப் பற்று நோட்டு மேற்சொன்ன சட்டத்தில் வராது. அதையே கம்ப்யூட்டரிலோ போனிலோ ஏற்றினால் வரும் என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

எந்த வீட்டில் எவ்வளவு பாக்கி, யார் வீட்டில் சர்க்கரை வாங்குவது நின்றது, எங்கே விசேஷம் என்பவை மளிகைக் கடைக்காரருக்குத் தெரியாமல் இராது. அவற்றை அடுத்த வாடிக்கையாளரிடம் சொல்லாத நாணயமே நம் முன்னோர் சேர்த்துவைத்த முதல். கல்லாவில் இருந்து காத்த அந்த நாணயத்தை இணையத்திலும் காப்போமாக.