மீன்தொட்டியிற் கண்ட ஆறு

சென்ற கோடை விடுமுறையில் யாம் நால்வர் வீரபாண்டியிலுள்ள பள்ளிச் சிறுவர் சிலர்க்கு, நீர்வாழ் உயிர்களின் இயல்பை மீன் வளர்த்துக் காட்டிக் கற்பிக்க முற்பட்டோம். தமிழ் பயில்வார்க்கு இவ்வேலை எதற்கென்று நகைத்தாருமுளர். முல்லையாறு ஊரையொட்டி ஓடுவதால் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு சிமெண்டுத் தொட்டியில் ஆற்றுமணலைப் பரப்பி, ஆற்றுநீரை நிரப்பி, வேலம்பாசியும் சில நத்தைகளும் இட்டோம். மீன்குஞ்சு விற்பாரிடம் வாங்கிய கெண்டைக் குஞ்சுகள் இருபதை மறுநாளே விட்டோம். அஃதே எம் முதற்பிழை.

சிறுவர் அன்பு மிகுதியால் வேளைதோறும் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் அள்ளி இட்டனர், யாமும் தடுத்திலேம். ஐந்தாம் நாள் விடியலில் மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசியென்று கருதி மீண்டும் பிண்ணாக்கே இட்டோம். மாலைக்குள் பதினொன்று மாண்டன. "அண்ணா, இவ்வளவு தீனி போட்டும் ஏன் செத்துப் போச்சு?" என்று ஒரு சிறுமி கேட்டாள். விடையறியாது நின்றோம்.

பின்னர் விலங்கியல் ஆசிரியர் ஒருவரை அணுகிக் கேட்டறிந்தது இது: மீன் தன் கழிவை அம்மோனியாவாகப் பெரும்பாலும் செவுள் வழியே வெளியிடுகின்றது. உண்ணாது எஞ்சிய இரையும் அழுகி அதனையே தரும். அந்நஞ்சை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றுவன, மணலிலும் சுவரிலும் பற்றி வாழும் நுண்ணுயிர்கள். நைட்ரேட்டைப் பாசி உணவாகக் கொள்ளும். அந்நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருகச் சில வாரங்கள் செல்லும். யாம் கொடுத்ததோ ஒரே நாள். இனி, பாசி பகலில் வெயிலின் துணையாற் பிராணவாயுவை வெளியிடினும், இரவில் மீனைப்போல் அதுவும் அவ்வாயுவை உட்கொள்ளும். அழுகற்பொருளை உண்ணும் நுண்ணுயிர்களும் உட்கொள்ளும். ஆதலால் விடியற்காலத்தே நீரிற் பிராணவாயு மிகக் குறைந்துவிடும். மீன்கள் வாய் திறந்தது இரைக்கன்று, மூச்சிற்கே. 1850-ஆம் ஆண்டளவில் இலண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன நூலார் இரண்டு பொன்மீன்களை நீர்ச்செடியுடன் வளர்த்தபோதும் அழுகிய இலைகளே இடர் செய்தன. அவற்றை உண்ணும் நத்தைகளை விட்டபின்னரே நீர் தெளிந்தது.

எஞ்சிய ஒன்பதையும் காத்தற்கு நாள்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றினோம். இரையை ஒரு வேளை, ஒரு சிட்டிகை எனக் குறைத்தோம். நண்பகலிற் பாசியிலையினின்று முத்துப்போற் குமிழி எழுவதைச் சிறுவர் போட்டியிட்டு எண்ணினர்.

விடுமுறை முடிவில் மீன்களை ஆற்றில் விட்டுவிடலாமென்றனர். ஆனால் அவற்றுள் இரண்டு, சற்று வளர்ந்தபின், ஜிலேபிக் கெண்டையெனத் தெரிந்தன. ஆப்பிரிக்காவைத் தாயகமாகவுடைய அம்மீன் 1952-இல் இந்தியாவிற்குக் கொணரப்பட்டது. தாய்மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காப்பதால் விரைந்து பெருகி, நீர்த்தேக்கங்கள் பலவற்றில் நாட்டு மீன்களின் இடத்தைக் கவர்ந்தது. இரண்டு மீனால் என்ன கெட்டுவிடுமென்று எம்முள் ஒருவரே வாதாடினார். 1895 முதல் பெரியாற்று நீரையும் மலைச்சுரங்க வழியாகப் பெற்று, வைகையிற் கலந்து செல்லும் ஆறு இது. இங்கு விடுவது இவ்வூரோடு நில்லாது என்று மறுத்தோம்.

மீன்கள் இன்றும் அத்தொட்டியிலேயே உள. அச்சிறுமி விடியலிற் சென்று, அவை மேலே வந்து வாய் திறக்கின்றனவா என்று பார்த்து வருகின்றாள்.